நாலாம் வரிசைக் கடைசிக் கல்

கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் பதிவேடு எழுதியவன் நான். ஓய்வு பெற்ற மறுவாரமே, சனிக்கிழமைகளில் வருகிறவர்களுக்குத் தோட்டத்தின் வரலாறு சொல்லக் கிளம்பிவிட்டேன். என் வாய்க்குள் எறும்பு நுழைந்தால் யானையாக வெளியே வரும் என்பாள் வீட்டுக்காரி. குறைத்துச் சொல்லிவிட்டாள். யானை மேல் அம்பாரியும் இருக்கும்.

பட்டாளத்துக் கல்லறைகள் மட்டும் நூற்றிருபது. எல்லாம் ஒரே உயரம், ஒரே வெள்ளை. பேர், படை எண், இறந்த தேதி. அடியில், வீட்டார் விரும்பினால் ஒரு வரி பொறித்துக்கொள்ள இடம். உள்ளதைச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் போர்முனையையே பார்த்ததில்லை. பாசறையில் விஷக்காய்ச்சலில் போனவர்கள். இதை யார் நின்று கேட்பார்கள்? அதனால் ஒருவரைத் தனியாளாகப் பாலத்தைக் காக்க வைத்தேன். இன்னொருவர் உடம்பில் பதினேழு குண்டு. கூட்டம் நன்றாக இருந்தால் இருபத்தேழு.

ஒன்பது வீரர்களுக்குப் பிறகு சிரிக்க ஒரு கோழை வேண்டாமா? அடிவரி காலியாக இருந்த கல்லாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். நாலாம் வரிசைக் கடைசி. வரி எழுத நாதியில்லை என்றால் சண்டைக்கு வரவும் நாதியிருக்காது அல்லவா? முதல் வெடிச்சத்தத்திலேயே பின்னங்கால் பிடரியில் பட ஓடி, அழுக்குத் துணி மூட்டைக்குள் ஒளிந்து, மூச்சு முட்டிச் செத்தான் என்று அவனுக்கு ஒரு சாவு கொடுத்தேன். மானம் போகக் கூடாதென்று பதிவேட்டில் காய்ச்சல் என எழுதிவிட்டார்கள் என்று முடிப்பேன். எட்டு வருஷமாக அந்த இடத்தில் சிரிப்பு தவறியதே இல்லை.

போன மாதம் கூட்டத்தில் ஒரு வயதான அம்மா. துணி மூட்டை வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக் குலுங்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூட்டையைக் கழுதை மேல் வேறு ஏற்றினேன். பதிவேட்டுக் காய்ச்சலையும் சொல்லி முடித்து, திரும்பிக் கல்லைக் காட்டினேன். அதன் முன்னால் கல்தச்சர் உளியோடு உட்கார்ந்திருந்தார். ஏதோ பழுது பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அந்த அம்மா வாயைப் பொத்திய கை இறங்கவே இல்லை.

"அது எங்க அண்ணன்" என்றார்.

அண்ணன் போனபோது அவருக்கு ஆறு வயதாம். இத்தனை காலம் கழித்து அந்த ஒரு வரிக்கு அனுமதி வாங்கி, கல்தச்சரை உட்காரவைத்துவிட்டு, வேலை முடிகிறவரை சும்மா நிற்பானேன் என்று என் பின்னால் வந்திருக்கிறார்.

அத்தனையும் பொய், நான் இட்டுக்கட்டியது என்றேன். அலுவலகத்துக்கு ஓடிப் பழைய பதிவேட்டைத் தூக்கிவந்து, காய்ச்சல் என்ற சொல்லின் மேல் விரலை வைத்தேன். கூட்டம் பார்த்துக்கொண்டே நின்றது.

அவர் பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படித்தான் எழுதுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. என் மனசு நோகக் கூடாதுன்னு இப்ப மாத்துறீங்க. நல்ல மனசு உங்களுக்கு." பிறகு கல்லின் பக்கம் திரும்பி, "அம்மா ஏன் ஒரு வரிகூடப் போடலைன்னு இப்பதான் புரியுது" என்றார்.

பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

கல்லில் 'எங்கள் அண்ணன்' வெட்டியாகிவிட்டது. பக்கத்தில் 'மாவீரன்' சுண்ணாம்புக்கட்டியில் எழுதி உளிக்குக் காத்திருந்தது. கைக்குட்டையை நனைத்து அதை அவரே துடைத்தார்.

"இது போதும்ப்பா" என்றார் கல்தச்சரிடம். "ஓடிப்போனாலும் அண்ணன்தானே."

மூன்று சொல்லுக்கு அளந்த வரி. இப்போது இடப்பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. வலப்பக்கம் மொழுக்கென்று வெறும் கல். கல்தச்சர் அளவு தவறிவிட்டார் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். நான் இன்னும் மறுத்துச் சொல்லவில்லை.