பையில் பன்னிரண்டு கவர்

யாராவது வாந்தி எடுப்பதைப் பார்த்தால் கணக்குப் பிரிவு அக்காவுக்கு உயிரே போய்விடும். வெளியே தெரிந்தால் ஆபீஸே கேலி செய்யும் என்று அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆபீஸ் சுற்றுலாவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஒவ்வொருவரையும் பிடித்துப் பிடித்து, "வயித்தைப் பார்த்துக்கோங்க. மாத்திரை, கவர் எல்லாம் நான் எடுத்துட்டு வரேன்" என்றாள்.

"பெத்த தாய்கூட இப்படிக் கவலைப்பட மாட்டா" என்று மேனேஜர் உருகிப்போனார்.

மலைப்பாதையின் மூன்றாவது வளைவிலேயே அவர் முகம் வெளிறியது. தள்ளாடி வந்து அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஒரு கவர் கொடும்மா. உன்னை நம்பித்தான் காலையில பூரியை ஒரு கட்டு கட்டினேன்."

பையை அவர் மடியில் போட்டுவிட்டு அக்கா டிரைவரிடம் பாய்ந்தாள். "அண்ணே, நிறுத்துங்க! நான் நடந்தே வந்துடறேன்."

"இன்னும் ஏழு கிலோமீட்டர் இருக்கேம்மா!"

"எழுபது இருந்தாலும் சரி."

இறங்கி விறுவிறுவென்று நடந்தாள். அப்பாடா என்பதற்குள் பின்னால் தடதடவென்று காலடிச் சத்தம். வாயைப் பொத்திக்கொண்டு நாலு பேர் ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவன் கையை எடுத்துவிட்டுக் கத்தினான்:

"அக்கா, எங்களை விட்டுட்டுப் போகாதீங்க! உங்களை நம்பித்தானே நாங்களும் ஒரு கட்டு கட்டினோம்!"