காலி டேங்கில் ஏறிய விமானம்

திருச்சி ஓடுதளத்தில் நின்றுகொண்டிருந்த விமானத்தை, டேங்கில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல், சக்கரம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல், நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாகத் தூக்கி மேகத்துக்கு மேலே கொண்டுபோனதாகக் கொளஞ்சிநாதன் சொன்னார். சொன்ன இடம் விருத்தாசலம் ஜங்ஷன் எதிரே திருமாலின் டீக்கடை. சொன்ன நேரம் காலை ஏழு மணி. ஏழேகாலுக்குள் விமானம் இமயமலையைத் தாண்டியிருந்தது. ஏழரைக்கு அவர் இரண்டாவது டீ கேட்டபோது, அது நிலாவில் இறங்க இடம் தேடிக்கொண்டிருந்தது.

யாரும் மறுத்துப் பேசவில்லை. முப்பத்தாறு வருஷம் கூட்ஸ் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். அரியலூர்ப் பக்கம் பிரேக் பிடிக்காத சிமென்ட் வண்டியைத் தொண்டையைக் கனைத்தே நிறுத்தியவர். அவர் பேச்சை நம்புவதா வேண்டாமா என்று ஊரில் ஒருவரும் யோசிப்பதில்லை. மழை பெய்தால் நம்பவா செய்கிறோம், நனைகிறோம், அவ்வளவுதான். கணக்கு வேண்டுமென்றால் மட்டும் ஒரு வழக்கம் இருந்தது: அவர் சொல்லும் எந்த எண்ணையும் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டியது. நூறு பாம்பென்றால் பத்து பாம்பு. பத்து என்றால், ஒரு கயிறு.

ஆக, நம்பாதவர்கள் நிறையப் பேர். ஆனால் மெனக்கெட்டுச் சந்தேகப்படுவதற்கென்று இருந்தது ஒரே ஆள்தான், மதிவதனி.

அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். கடலூர் ரோட்டில் ஆறு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்திவந்தாள் மதிவதனி. மற்ற நேரத்தில், உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த சில நூறு பேரோடு சேர்ந்து ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தாள். கம்ப்யூட்டருக்குள்ளேயே விமானம் ஓட்டலாம். அதற்கு முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் அதன் வயிற்றைத் திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தலாம், திருத்தியதை எல்லோருக்கும் கொடுக்கலாம். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் முன்னால் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல ஆள் வேண்டும். போட்டோ ஒன்றைப் பிரிண்ட் எடுக்க வந்த கொளஞ்சிநாதன் திரையில் விமானத்தைப் பார்த்தார், உட்கார்ந்தார், நாலு மாதமாக எழுந்திருக்கவில்லை.

சோதனையாளர் பட்டியலில் அவர் பெயர் ஏறியது, ஒரு ஜெர்மனிக்காரருக்கும் ஒரு பிரேசில்காரருக்கும் நடுவே. அந்தப் பக்கத்தை லேமினேஷன் செய்து பைக்குள் வைத்துக்கொண்டார். ரயிலில் டிக்கெட் கேட்டால் முதலில் அதைத்தான் நீட்டுவார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து, "டிரைவர் வந்தாச்சா?" என்று எங்கேயும் ஒருவரும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. இங்கே காத்திருந்தார்கள்.

அந்தப் பெயருக்குத்தான் இப்போது ஆபத்து. அவர் எழுதிய குறைகளில் இரண்டு ஏற்கெனவே திரும்பி வந்திருந்தன. இன்ஜினுக்குள் காக்கை புகுந்ததாகவும், துக்கம் விசாரிக்க அதன் சொந்தபந்தம் முழுக்க இறக்கையில் வந்து உட்கார்ந்ததாகவும் ஒன்று. அந்த மென்பொருளில் காக்கையே கிடையாது. தஞ்சாவூருக்கு மேலே பறக்கும்போது கும்பகோணத்துக் காபி வாசனை வருவதாக இன்னொன்று. இல்லாத குறையைத் தேடி எல்லோருடைய நேரமும் வீணாகிறது, இன்னொரு முறை நடந்தால் பெயரை எடுத்துவிடுவோம் என்று குழுவிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அவரைச் சேர்த்துவிட்டவள் என்பதால் அதை அவரிடம் படித்துக் காட்ட வேண்டியவளும் மதிவதனியே.

மூன்றாவதாக இந்தக் காலி டேங்க் விமானம். ஞாயிற்றுக்கிழமை புதிய பதிப்பு வெளிவருகிறது. சனிக்கிழமைக்குள் அந்தக் குறை உண்டா இல்லையா என்று அவள் குழுவுக்குப் பதில் எழுத வேண்டும்.

சனிக்கிழமை காலை கொளஞ்சிநாதன் டீக்கடையிலிருந்து நேராகப் பிரவுசிங் சென்டருக்குப் போனார். மதிவதனி அவர் எழுதிய குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பதினோரு தடவ பாத்துட்டேன் சார். டேங்கக் காலி பண்ணி ஓட்டிப் பாத்தா இன்ஜின் நின்னுடுது. ஏரோப்ளேன் எரும மாரி படுத்துக் கெடக்குது."

"ஒனக்கு இன்னும் கைப்பக்குவம் வரலம்மா."

"கைப்பக்குவமெல்லாம் கொழம்புக்கு சார். நீங்க எழுதுன மாரியே செஞ்சேன். 'மணிக்கட்டு முறியும் வரைக்கும் கைப்பிடியை இழுத்தேன், சிங்கம் போல் எழும்பியது'ன்னு எழுதியிருக்கீங்க. இழுத்தேன். சிங்கமும் வரல, ஒண்ணும் வரல." குறிப்பை மேஜைமேல் வைத்தாள். "இல்லன்னு எழுதுனா ஒங்க பேரு போயிடும். ஆமான்னு எழுத எனக்குக் கை வரல. பாக்காதத பாத்தேன்னு எழுத மாட்டேன் சார்."

கொளஞ்சிநாதன் வாயை மூடிக்கொண்டார். அவர் வாய் மூடி இருந்ததை ஊர் கடைசியாகப் பார்த்தது அவர் தாலி கட்டிய அன்றுதான், அதுவும் மூன்று முடிச்சுக்கு மட்டும்.

உள்ளுக்குள் அவருக்குத் தெரியும். விமானம் எழும்பியது சத்தியம். ஆனால் அதற்கு முன்னால் நடந்த ஒன்றை அவர் விட்டுவிட்டார். அந்த ஓட்டையை அடைக்கத்தான் மணிக்கட்டு, சிங்கம், இமயமலை எல்லாம் கொண்டுவந்து கொட்டியிருந்தார். இதுவரை வாழ்நாளில் சேர்த்துச் சொல்லித்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார். விட்டுச் சொல்லி மாட்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

"மேல போறதுக்கு முன்னாடி என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்றாள் மதிவதனி.

"நின்னுக்கிட்டிருந்தேன்."

"எவ்ளோ நேரம்?"

"கொஞ்ச நேரம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த மனிதர் வாயிலிருந்து 'கொஞ்சம்' என்ற சொல்லை அவள் கேட்டதே இல்லை. "எவ்ளோ நேரம் சார்?"

"நாலு மணி நேரம்."

"இருபத்திநாலு நிமிஷம்," என்று எழுதிக்கொண்டாள்.

"வகுக்காதம்மா. நாலு மணி நேரமேதான்."

பிறகு மெல்ல மெல்ல வந்தது. வியாழக்கிழமை அவள் கருவேப்பிலங்குறிச்சிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டாள், கடை அவர் பொறுப்பில். அதுவரை அவர் சோதித்ததெல்லாம் ஆகாயத்தில் தொடங்கித் தரையில் இறங்குவதுதான். அன்றைய சோதனைதான் முதன்முதலாகத் தரையிலிருந்து ஏறுவது, அதுவும் திரைக்குள் அந்தி நேரம், கால் டேங்க் எண்ணெய். இன்ஜினைப் போட்டார். நிமிர்ந்தால், ஓடுதளத்தின் கடைசியில் வரிசையாகச் சிவப்பு விளக்கு.

ஓடுதளக் கடைசியில் எப்போதும் சிவப்புத்தான் எரியும், அது சிக்னல் இல்லை என்று மதிவதனி முதல் வாரமே சொல்லியிருந்தாள். அது கூடவா எனக்குத் தெரியாது என்று அவரும் கேட்டிருந்தார். ஆனால் சிவப்பைக் கண்ட கொளஞ்சிநாதனின் கை, முப்பத்தாறு வருஷப் பழக்கத்தில், தானாக மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. வெள்ளாறு பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆறு மணி நேரம் சிக்னலுக்கு நின்றவர் அவர். நாலு மணி நேரமெல்லாம் அவருக்குக் கொட்டாவி விடும் நேரம். பச்சை விழும், விழும் என்று உட்கார்ந்திருந்தார். பச்சை விழவில்லை, விமானம் எழுந்தது. எழுந்ததும் அவர் பயந்துபோய் வயரையே பிடுங்கிவிட்டார். அதனால் கம்ப்யூட்டரிலும் அதற்குச் சுவடு இல்லை.

மதிவதனி சிரித்தாள். மேஜையில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தவர் தனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று சட்டைப் பித்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கொளஞ்சிநாதன் சுவரைப் பார்த்தபடி, திருமாலிடம் மட்டும் இதைச் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பாதிச் சிரிப்பில் அவள் நின்றாள்.

"அந்த நாலு மணி நேரமும் கைப்பிடியத் தொடவே இல்லியா?"

"சிக்னல்ல நிக்கறப்ப கைப்பிடியில கை வெக்கிறவன் டிரைவராம்மா?"

அவள் திரும்பி மென்பொருளின் உள்வரிகளைத் திறந்தாள். கால் மணி நேரம் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு மெதுவாக விளக்கினாள். டேங்க் காலியா என்று அந்த நிரல், வேகக் கைப்பிடியை யாராவது அசைத்தால்தான் பார்க்கிறது. உலகத்தில் எல்லோரும் அசைக்கிறார்கள், ஐந்து நிமிஷம் சும்மா இருக்க யாருக்கும் முடிவதில்லை. அசைக்காவிட்டால் காலியான பிறகும் இன்ஜின் ஓடும், இல்லாத எண்ணெயை எரிக்கும். எண்ணெயின் எடை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், இறங்க இறங்க வேகமாக இறங்கும். விமானத்தின் மொத்த எடையும் அதில் கழிந்துபோனால், அதற்குப் புத்தி கெட்டு பலூன் மாதிரி மேலே கிளம்பலாம்.

"அப்ப நடந்துச்சுங்கற?"

"நடக்கலாம்ங்கறேன். இன்னும் பாக்கல."

ஒன்பதே முக்காலுக்கு வேலை ஆரம்பமானது. அதே கால் டேங்க், அதே அந்தி, அதே சிவப்பு. இன்ஜின் உறுமியது. இருவரும் உட்கார்ந்தார்கள்.

கொளஞ்சிநாதனுக்கு அது சுகம். சாய்ந்துகொண்டு, கையை மடியில் வைத்து, கடந்துபோகிற பஸ்ஸுகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார். பாவம், மதிவதனிதான் தவித்தாள். இருபதாவது நிமிஷம் அவள் விரல் கைப்பிடிப் பக்கம் நகர்ந்தது, அவர் கனைத்தார். நாற்பதாவது நிமிஷம் மறுபடி நகர்ந்தது, மறுபடி கனைத்தார். கடைசியில் அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. மற்ற ஐந்து கம்ப்யூட்டரையும் அணைத்து, வந்தவர்களைக் கும்பிட்டு அனுப்பி, இருந்த பேட்டரி முழுவதையும் விமானத்துக்கே கொடுத்தாள். பன்னிரண்டரைக்குக் கரண்ட் திரும்பியது.

ஒரு மணிக்கு அவர் மனைவி பெரியம்மாள் சோற்றுத் தூக்கோடு வந்து, வழக்கம்போல் அதைக் கம்ப்யூட்டர் மேஜையில் வைக்கப்போனார். இருவரும் ஒரே சமயத்தில் பாய்ந்து தூக்கைத் தடுத்தார்கள். நடப்பது இன்னதென்று விளக்கியதும், வூட்டுல ஒரு எடத்துல உக்காராத மனுசன் இங்க இப்படி உக்காந்திருக்கறதே அதிசயம்தான் என்று சொல்லிவிட்டு, அவரும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒன்றேகாலுக்கு எண்ணெய் முள் பூஜ்யத்தைத் தொட்டது. இன்ஜின் நிற்கவில்லை. மதிவதனியின் வாயில் சோற்றுக் கவளம் அப்படியே நின்றது. முள் பூஜ்யத்துக்குக் கீழே, எண்களே இல்லாத இடத்துக்குப் போய் ஒளிந்துகொண்டது. ஒன்றரை. ஒன்றே முக்கால். சிவப்பு விளக்குகள் அசையாமல் எரிந்தன. மதிவதனி பெருமூச்சு விட்டு, பதில் எழுதக் காகிதத்தை இழுத்தாள். கொளஞ்சிநாதனின் கழுத்து வியர்த்தது. மடியிலிருந்த கை மட்டும் அசையவில்லை.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு விமானத்தின் மூக்கு லேசாக ஆடியது.

"ஏங்க, கெணத்துல தண்ணி எறங்கற மாரி பூமி எறங்குதே," என்றார் பெரியம்மாள்.

இறங்கியது. சக்கரம் சுற்றவில்லை. திருச்சி ஓடுதளம் பாயாகச் சுருங்கி, ரிப்பனாகி, நூலாகி, சிவப்பு விளக்குகள் குங்குமப் பொட்டாகி மறைந்தன. விமானம் மேகத்தைப் பிளந்துகொண்டு, யார் அனுமதியும் கேட்காமல், பதினெட்டாயிரம் அடியில் போய்க்கொண்டிருந்தது. மதிவதனி பதிவைச் சேமித்தாள். சரியாகச் சேமித்ததா என்று பார்த்தாள். பழைய குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கி, பாதியில் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏன் கையே வெக்கலன்னு கேப்பாங்க சார். அந்த செவப்பு வெளக்கு விஷயத்த எழுதட்டுமா?"

கொளஞ்சிநாதன் மடியிலிருந்த கையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எழுதும்மா," என்றார். "நாலு மணி நேரம்னே எழுது. கூட்டாத, கொறைக்காத."

அவள் எழுதி முடித்து, அதைக் கம்ப்யூட்டரில் அடித்துக் குழுவுக்கு அனுப்பினாள். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள்.

"நடந்துச்சு சார். சொட்டு எண்ண இல்ல, சக்கரம் சுத்தல, ஏறிப் போச்சு. நானே பாத்தேன்."