குட்டையான டேரேயும் ஒற்றைக்கொம்பு ராணியும்

"உயரமானவன் எப்படிக் குட்டையாக இருப்பான்?"

அரசாங்கம் இவ்வளவு பச்சையாகக் கேட்கவில்லை. பத்தி பத்தியாக, ரொம்ப மரியாதையாகக் கேட்டிருந்தது. ஹிர்ஸியின் அடைக்கல மனுவை நிராகரித்த கடிதத்தில் எட்டாவது பத்தி. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய தன் அலுவலகத்தில் அவனுடைய வக்கீல் அதை வாசித்துக் காட்டினாள்.

"உன்னைத் தேடுற ஆயுதக்கும்பல் தலைவன் பேரு டேரே. அப்படின்னா நெட்டையன்னு அர்த்தம். சோமாலியாவைப் பத்தி அவங்க வச்சிருக்கிற நாட்டு நிலவர அறிக்கையிலயே இருக்கு. நீ என்னடான்னா, 'அவன் என் தோள் உயரம்கூட வரமாட்டான்'னு விசாரணையில சொல்லியிருக்க. அதனால நீ அவனைப் பார்த்ததே இல்ல, எல்கரஸ் உன் ஊரே இல்லன்னு முடிவு கட்டிட்டாங்க."

ஹிர்ஸி விழுந்து விழுந்து சிரித்தான். வக்கீல் சிரிக்கவில்லை. அவனுடைய சிரிப்பும் பாதியில் நின்றது.

"அக்கா, உயரமா இருந்தது அவன் தாத்தா. பேரு மட்டும் பேரன் வரைக்கும் வந்துருச்சு. ஆள் வரல."

"எனக்குப் புரியுது. நீதிபதிக்குப் புரியணுமே. மேல்முறையீட்டுல தோத்தா விமானம் ஏத்திடுவாங்க. எல்கரஸ்காரங்க யாராவது வந்து சொல்லணும், நீ அந்த ஊர்ப் பையன்தான்னு. யாராவது இருக்காங்களா?"

இருந்தாள். அதுதான் பிரச்சினை.

லெஸ்டரிலேயே பர்னி அத்தை நடத்தும் டீக்கடைக்கு ஹிர்ஸி ஏழெட்டு மாதமாகப் போய்வருகிறான். ஏலக்காய் டீக்காக என்று சொல்லிக்கொண்டாலும், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அத்தையின் மகள் ஹோதனுக்காக என்பது சமோசா பொரிக்கும் ஆள் உட்பட எல்லோருக்கும் தெரியும். முதல் நாளே அத்தையின் குரலை அவன் அடையாளம் கண்டுகொண்டான். எல்கரஸ் சந்தையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்ட குரல் அது. அவனுக்குப் பத்து வயதாக இருந்தபோது ஊரைவிட்டுப் போனவள். வளர்ந்து தாடி வைத்தவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும் என்று அவனும் விட்டுவிட்டான்.

வக்கீல் அவனை இழுத்துக்கொண்டு அங்கேதான் போய் நின்றாள்.

"எல்கரஸா?" அத்தை இடுப்பில் கைவைத்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தனை நாளா இங்க டீ குடிக்கிற, ஒரு வார்த்தை சொல்லலியே! பேரென்ன சொன்ன?"

"ஹிர்ஸி, அத்தை. ஹிர்ஸி சமதர்."

"அட, கல்லை எறிஞ்சா நாலு ஹிர்ஸி மேல விழும். எந்த ஹிர்ஸி? நொண்டி ஹிர்ஸியா, பல்லன் ஹிர்ஸியா? உன் பட்டப்பேரைச் சொல்லு."

ஹிர்ஸி கல்லாப் பக்கம் பார்த்தான். ஹோதன் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பட்டப்பேர் இல்ல அத்தை."

"இல்லியா? அப்ப நீ எங்க ஊரே இல்ல." அத்தை டீயை ஆற்றத் தொடங்கினாள். "எங்க ஊர்ல கழுதைக்குக்கூடப் பட்டப்பேர் உண்டு. இந்தா பாரும்மா வக்கீலு, குரான்மேல கைவச்சு எனக்குத் தெரியாத ஆளைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். போய்ட்டு வாங்க."

வெளியே வந்ததும் வக்கீல் அவன் சட்டையைப் பிடிக்காத குறை. "நிஜமாவே பட்டப்பேர் இல்லியா?"

"இல்லக்கா," என்றான் ஹிர்ஸி, எதிர்க் கூரையில் இருந்த காக்காயைப் பார்த்தபடி.

விசாரணை நாள். நீதிபதி கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்ட ஓர் அம்மாள். பக்கத்தில் சோமாலி மொழிபெயர்ப்பாளர். பார்வையாளர் இருக்கையில் ஹோதன். பக்கத்தில் பர்னி அத்தை, முறைத்துக்கொண்டு. மகள் பிடுங்கிய பிடுங்கலில் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஊதா நிற டை கட்டியிருந்தார். எழுந்து நின்று ஒரு தாளை ஆட்டினார்.

"நாட்டு நிலவர அறிக்கையின் புதிய பதிப்பு. இன்று காலைதான் வெளிவந்தது. நீங்கள் எல்கரஸில் கொட்டகை போட்டு, டிவியில் கால்பந்தாட்டம் காட்டியதாகச் சொல்கிறீர்கள். டேரே தடை போட்டும் நீங்கள் நிறுத்தவில்லை, அதனால் உங்களைக் கொல்லத் தேடுகிறான். சரியா?"

"சரிங்க."

"ஊரில் அப்படி எத்தனை கொட்டகை?"

"ஒண்ணுதாங்க. என்னோடது."

ஊதா டை புன்னகைத்தது. "அறிக்கையும் ஒன்று என்றுதான் சொல்கிறது. ஆனால் அதை நடத்தியவர் பெயர் ஹிர்ஸி இல்லையே! வாசிக்கிறேன். 'கால்பந்தாட்டக் கொட்டகை எரிக்கப்பட்டது. அதன் உரிமையாளரான ரிகரார் என்பவர் தப்பிவிட்டார். டேரேயின் ஆட்கள் அவரை இன்னும் தேடுகிறார்கள்.' யார் இந்த ரிகரார்?"

மொழிபெயர்ப்பாளர் அந்தப் பெயரைச் சொல்லும்போது இருமலை வரவழைத்துக்கொண்டார்.

ஹிர்ஸிக்குப் புரிந்தது. அவனைத் துரத்திய அதே அறிக்கை இப்போது அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தது. நுழைய வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அந்தக் கதவுக்கு மேலே எழுதியிருந்த பெயர்! அதை விட்டுத் தொலைக்கத்தானே பாதி உலகம் கடந்து வந்தான்? திரும்பிப் பார்த்தான். ஹோதன் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"பதில் சொல்லுங்கள்," என்றார் நீதிபதி.

"நான்தாங்க."

"என்ன?"

"நான்தாங்க ரிகரார்."

ஊதா டை துள்ளியது. "எவ்வளவு வசதி! வேறு பெயர் உண்டா என்று விசாரணையில் கேட்டபோது 'இல்லை' என்று சொன்னீர்களே?"

"அது பேரு இல்லீங்க. அவமானம்."

"அப்படி என்ன அர்த்தம் அதற்கு?"

ஹிர்ஸி தரையைப் பார்த்துச் சொன்னான். "ஆட்டுக்குப் பயந்து ஓடினவன்."

"யா அல்லா!"

எல்கரஸ் சந்தையின் அந்த முனை வரை கேட்ட குரல், லெஸ்டர் நீதிமன்றத்தின் கண்ணாடி ஜன்னலை அதிரவைத்தது. பர்னி அத்தை எழுந்து நின்றிருந்தாள். "அடப்பாவி, நீயா அது? என் ராணி ஆடு..."

"அத்தை, வாயை மூடுங்க!" வக்கீல் கத்தினாள். கட்சிக்காரன் வாழ்வா சாவா என்று நிற்கும்போது அவளுக்கு மட்டும் மூளை ஓடியது. "கனம் நீதிபதி அவர்களே, இந்த அம்மா இன்னும் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் இவரை வெளியே அனுப்புங்கள். அந்த ஆட்டைப் பற்றி முதலில் என் கட்சிக்காரர் சொல்லட்டும். பிறகு இவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்."

நீதிபதியின் உதட்டோரம் துடித்தது. அனுமதித்தார்.

அத்தை வெளியே போனாள். ஹிர்ஸி சொன்னான். வெள்ளை ஆடு. இடது கொம்பு அடியோடு உடைந்தது. டீ குடிக்கும், அதுவும் சர்க்கரை போட்டால்தான். அந்த டீயில் அவன் உப்பைப் போட்டான். துரத்தியது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக் கூட்டத்துக்கு நடுவே துரத்தியது. அவன் தண்ணீர்த் தொட்டிக்குள் குதித்தான்.

அத்தை உள்ளே வந்தாள். சத்தியம் செய்தாள். வெள்ளை, இடது கொம்பு, சர்க்கரை, உப்பு, தொழுகை, தொட்டி. ஒன்று விடாமல் சொன்னாள். கூடுதலாக, "எங்க முட்டுச்சுன்னும் சொல்லவா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்," என்றார் நீதிபதி அவசரமாக. "டேரே குடும்பத்தைத் தெரியுமா?"

"தெரியாம? தாத்தா ஒட்டகம் மாதிரி இருந்தாரு. மகன் பொண்டாட்டி தோள் வரைக்கும் வந்தான். பேரனை அப்ப பார்த்தது, மீசை முளைச்சும் மூட்டை பக்கத்துல நின்னா தெரிய மாட்டான். என்ன செய்ய, பேரை வெட்டிக் குறுக்க முடியுமா?"

மொழிபெயர்ப்பாளர் இதைச் சிரிக்காமல் சொல்லிமுடித்ததுதான் அன்றைய அதிசயம். ஊதா டை உட்கார்ந்துவிட்டது.

தீர்ப்பு வர மூன்று வாரம் ஆயிற்று. ஹிர்ஸி இங்கேயே இருக்கலாம்.

சேதி வந்த அன்று டீக்கடைக்கு உள்ளே போகத் துணிச்சல் இல்லாமல் வாசலில் நின்றான். கல்லாவிலிருந்து குரல் வந்தது.

"ரிகரார்! டீ ஆறுது."

கடை முழுக்கச் சிரித்தது. ஹிர்ஸி காது சிவக்க உள்ளே வந்து உட்கார்ந்தான். டம்ளரைக் கொண்டுவந்து வைத்தவள் ஹோதனேதான்.

"உப்பு போடலியே?" என்றான்.

"கொம்பு இல்ல எனக்கு. தைரியமாக் குடி."

அவள் சிரித்த சிரிப்பில் ஹிர்ஸிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இல்லை, போன தைரியம் முழுக்கவே வந்தது.

"நீயும் எல்கரஸ்ல பொறந்தவதானே? பட்டப்பேர் இல்லாதவங்க எங்க ஊரே இல்லன்னு உங்கம்மாவே சொல்லியிருக்காங்க. உன்னோடது என்ன?"

ஹோதனின் முகத்திலிருந்த சிரிப்பு சட்டென்று காணாமல் போனது. காலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

பர்னி அத்தை டீ ஆற்றுவதை நிறுத்தினாள். கண்கள் மின்ன, மெல்ல வாயைத் திறந்தாள்.

"அம்மா!" உள்ளேயிருந்து அலறல் வந்தது. எல்கரஸ் சந்தையின் அந்த முனை வரை கேட்கும் அதே குரல்.