நாய்க்கு எழுதிய சீட்டு

குளிர் போகிறவரை, ரோமம் உதிரும் இந்த நாயை ஈரத்தரையில் படுக்க விடாதீர்கள், காற்று புகாத அறையில் கம்பளி விரித்துப் படுக்கவையுங்கள் என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அந்த வீட்டில் அப்படிப்பட்ட அறை ஒன்றுதான் இருந்தது. அதில் வீட்டுக்காரரின் விதவை அக்கா படுத்து வந்தாள்.

"நீங்க பின்பக்கம் படுத்துக்குங்க அண்ணி. உங்களுக்கு என்ன, ரோமமா உதிருது?" என்றாள் தம்பி மனைவி.

அக்கா தம்பியைப் பார்த்தாள். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி, செய்தித்தாளை விட்டுத் தலை நிமிரவில்லை. அவள் கம்பளியும் நாய்க்கே போயிற்று.

பத்து நாள் கழித்து ஊசி போட வந்த டாக்டர், கை கழுவப் பின்பக்கம் போனார். வெறும் பாயில் உட்கார்ந்து அவள் இருமிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளாம்மா இருமல்?"

நாய் உள்ளே போன நாளிலிருந்து என்று நாக்கு நுனிவரை வந்தது. "ஒண்ணுமில்லை டாக்டர். நாய் நல்லாருக்கில்ல?" என்றாள்.

டாக்டர் கூடத்துக்கு வந்து சீட்டு எழுதினார்.

"நாய் தனியா படுத்தா ஏங்கிடும். அந்தம்மா கூடவே படுக்கணும். கட்டில், கம்பளி, ரெண்டு வேளை சூடா பால்."

"பால் நாய்க்குத்தானே?"

"ரெண்டு பேருக்கும். அவங்க இருமினா நாய் எப்படித் தூங்கும்?"

தம்பி மனைவி முகம் சுருங்கியது. "நாய்க்குன்னா செஞ்சுதானே ஆகணும்" என்றாள்.

அன்று மதியமே அக்கா அறைக்குத் திரும்பினாள். கட்டில் முழுக்கப் படுத்திருந்த நாய், யாரும் சொல்லாமலே சுவரோரம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டது.