போகாதே பிரிவில் ஒரு தூங்குமூஞ்சி

அந்த இணைய நிறுவனத்தில் அவளுக்கு வேலையே ஒட்டுக்கேட்பதுதான். சம்பளமும் கொடுத்து ஒட்டுக்கேட்கச் சொன்னால் கசக்குமா என்ன? 'கனெக்‌ஷன் வேண்டாம், நிறுத்திடுங்க' என்று ஃபோன் செய்கிறவர்களைப் பேசியே பிடித்துவைக்க அங்கே ஒரு கூட்டம் இருந்தது. அதற்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு; எல்லாரும் சொல்வது 'போகாதே பிரிவு'. அவர்கள் பேசிய பதிவுகளைக் கேட்டு மார்க் போடுகிறவள் அவள். ஆபீசில் அவளுக்குக் 'காது' என்று பெயர்.

'நாம' என்று சொல்லி எதிராளியைத் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டால் மார்க். 'பிள்ளைங்க படிப்பு முக்கியம்தானே?' என்று, ஆமாம் தவிர வேறு பதிலே வர வழியில்லாத கேள்வி கேட்டால் மார்க். 'வேகம், விலை, நிம்மதி' என்று மூன்றாக அடுக்கினால் மார்க். இரண்டு சொன்னால் ஏனோ குறைகிறது, நான்கு சொன்னால் உளறலாகிவிடுகிறது. 'இன்னைக்கு விட்டா இந்த ரேட் கிடைக்காது' என்று வயிற்றில் புளியைக் கரைத்தால் கூடுதல் மார்க். இந்த வித்தைகள் மேல் அவளுக்குத் தீராத ஆசை. வீட்டிலும் விடமாட்டாள். "ஞாயித்துக்கிழமை நாம அலமாரியை ஒழிக்கலாமா?" என்று கணவன் கேட்டால், "அந்த 'நாம' யாரு?" என்பாள். அவனும் சளைக்காமல், "மார்க் எவ்வளவுன்னு சொல்லு" என்பான்.

அப்படிப்பட்டவளைத்தான் தூங்குமூஞ்சி குழப்பிவிட்டார்.

போகாதே பிரிவில் ஒருவருக்கு வைத்த பெயர் அது. பல வருஷம் பஸ் ஓட்டிவிட்டு, முதுகுவலி தாங்காமல் இந்த வேலைக்கு வந்தவர். அவர் பேச்சில் 'நாம' இல்லை, அடுக்கு இல்லை, பயமுறுத்தல் இல்லை. மார்க் மகா மோசம். மார்க் குறைந்தவர்களை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக மேனேஜர் முடிவு செய்திருந்தார். முதல் பெயர் இவருடையதுதான். ஆனால், போன மாதம் அதிகம் பேரைப் போகவிடாமல் வைத்திருந்ததும் இவரேதான்.

அவள் ஒரு பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

"நிறுத்திடுங்க, வேணாம்" என்றாள் ஒரு பெண்மணி.

"சரிங்க. ஏன்னு தெரிஞ்சுக்கலாமா?" இது தூங்குமூஞ்சி.

"யாரும் யூஸ் பண்றதில்ல. பையன் வெளியூர் போயிட்டான். லீவுக்கு வந்தா கேப்பான்தான். வந்தவன் உடனே கிளம்பிடுவான், இது இல்லைன்னா. சரி, இருக்கட்டும் விடுங்க."

"சரிங்க."

அவ்வளவுதான். தானே வழக்குப் போட்டு, தானே வாதாடி, தானே தோற்றுவிட்டு ஃபோனை வைத்துவிட்டாள் அந்தப் பெண்மணி. இவர் என்ன மாயம் செய்தார்? 'காது'க்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. மறுநாள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, இன்னொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

ஒரு பெரியவர் கூப்பிட்டார். நிறுத்தச் சொன்னார். இவர் காரணம் கேட்டார். "கண்ணு சரியில்ல. பார்க்க முடியல" என்றார் அவர்.

பிறகு யாரும் பேசவில்லை. எங்கோ குழாய் சொட்டுவது கேட்டது. பெரியவரின் மூச்சு கேட்டது. ஏதாவது சொல்லித் தொலையுங்களேன் என்று அவள் நாக்கு துடித்தது. இவரோ கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். கடைசியில் பெரியவர், "பேத்தி முகத்தைத்தான் வீடியோல மங்கலாவாவது பார்க்கறேன். இருக்கட்டும்" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதிவுகளில் பேச்சில்லாத இடங்களை மெஷின் வெட்டிவிடும். கேட்டுக் கேட்டு அலுக்கிறது என்று மேனேஜரை நச்சரித்து அந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டவளே அவள்தான். அவர் செய்த ஒரே காரியத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு மார்க் போட்டிருக்கிறாள். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

"எதுக்குண்ணே சும்மா இருந்தீங்க?"

"அவரு பேசிட்டு இருந்தாரேம்மா."

"பேசலையே."

"முடிக்கலையே. படியில கால் வைக்கறதுக்குள்ள வண்டிய எடுத்தா ஆள் விழுந்துடுவாங்கல்ல?" என்றவர், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உண்மையைச் சொன்னா, பாதி நேரம் நிறுத்தற பட்டன் எங்கே இருக்குன்னு தேடிட்டு இருப்பேன்."

அடுத்து வந்த பெண் அதே மௌனத்துக்குப் பிறகும் 'நிறுத்திடுங்க' என்றே சொன்னாள். அவரும் பட்டனைத் தேடிக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டார். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. இது வித்தையா, குணமா, இல்லை வெறும் கம்ப்யூட்டர் தெரியாத்தனமா? அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். "தூங்குமூஞ்சியை வெச்சுக்கணும்னு எழுதியிருக்கீங்க. அப்படி என்ன உத்தி வெச்சிருக்காரு? சொல்லுங்க, எல்லாருக்கும் பாடமா எடுத்துடலாம்."

அவள் வாயைத் திறந்தாள். 'சும்மா இருப்பார்' என்று சொன்னால் திங்கட்கிழமையே அதுவும் மார்க் தாளில் ஏறிவிடும். பிரிவே மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிக்கொண்டு ஊமையாக இருக்கும். வாடிக்கையாளர்கள், லைன் போய்விட்டது என்று வைத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் அவர் வேலை போய்விடும். பொய்யில்லாமல் இதற்கு என்ன பெயர் வைப்பது? அவள் உண்மையிலேயே யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். அறையில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது.

மேனேஜர் பேனாவை உருட்டினார். "இல்ல, ஆளு நல்லவருதான்" என்றார். பிறகு, "கம்ப்ளெயின்ட்னு ஒண்ணும் வந்ததில்ல" என்றார். ஜன்னலைப் பார்த்தார். "புது ஆளை எடுத்தா பழக்கி எடுக்கறதுக்குள்ள நமக்குத் தாவு தீர்ந்துடும். சரி, இருக்கட்டும் விடுங்க."

அவள் வெளியே வந்தாள். தூங்குமூஞ்சி பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இருக்கச் சொல்லிட்டார்ண்ணே."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படி என்னம்மா சொன்னீங்க அவர்கிட்ட?"

"ஒண்ணுமே சொல்லலண்ணே" என்றாள் அவள். அது உண்மைதான். ஆனால், உள்ளே யோசித்தாளா, வித்தை காட்டினாளா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, அவள் இன்னும் ஏதோ சொல்லப்போகிறாள் என்பதுபோல அவர் பேசாமல் நின்றார்.