ஷைஜாவுக்கான ஜெபக்குறிப்பு

"சகோதரி ஷைஜா எபிசனுக்கு வருகிற வியாழக்கிழமை நடக்கவிருக்கும் மார்பு ஆப்பரேஷனுக்காகக் கர்த்தருடைய சமூகத்தில் நிற்போம்" என்று போதகர் வாசித்ததும், எனக்குப் பின் வரிசையில் யாரோ "ஐயோ, எனக்க ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொன்னார்கள். பெண்கள் பக்கம் முழுக்கத் தலைகள் திரும்பின. மின்விசிறிச் சத்தம்கூட நின்றுவிட்டதுபோல் இருந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. போன மாதம் வேறொருவருக்கு மூட்டு ஆப்பரேஷன் என்று வாசித்தபோது இப்படி ஒருவரும் திரும்பவில்லையே என்றுதான் நினைத்தேன்.

பக்கத்தில் இருந்த என் மருமகள் ஷைஜா பாட்டுப்புத்தகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள். "நீங்க எழுதினியளா மாமி?"

"ஆமா மக்கா. ஜெபத்துக்குத்தான."

"மார்புன்னா எழுதினிய?"

"பின்ன என்னன்னு எழுத?"

 அவள் வேதப்புத்தகத்தையும் கைப்பையையும் நெஞ்சோடு சேர்த்து இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

எங்கள் குடும்பத்தில் ஜெபக்குறிப்புச் சீட்டுப் போடாமல் யாரும் கத்திக்குக் கீழே படுத்தது கிடையாது. என் வீட்டுக்காரருக்குக் கண்புரை எடுத்தபோது நான் போட்டேன். எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது அவர் போட்டார். மகன் எபிசனுக்குக் குடலிறக்கத்துக்கும் போட்டோம். ஆராதனைக்கு முன்னால் பெட்டியில் சீட்டை மடித்துப் போட்டுவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அந்தப் பழக்கத்தில்தான் எழுதினேன். அதை வாசிக்கிறவர்கள் காதில் அது என்னவாக விழும் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

வெளியே செருப்புப் போடுவதற்குள் பெமிலா வந்து ஷைஜாவைக் கட்டிக்கொண்டாள். பெமிலா எங்கள் பெண்கள் சங்கத்துச் செயலாளர். நல்லவள்தான், ஆனால் மெதுவாகப் பேசத் தெரியாது.

"எத்தனாவது ஸ்டேஜ் மக்கா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இல்லை பெமிலா, அப்படி ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படியென்றால் என்ன ஆப்பரேஷன் என்று அடுத்து கேட்பாளே. நூறு பேர் நிற்கிற முற்றத்தில் அதற்கு நான் என்ன சொல்வேன்? வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கே அது தெரிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. "தோள்வலிக்கு டாக்டரப் பாக்கணும், கூட வாறியளா மாமி" என்றுதான் ஷைஜா என்னை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனாள். எலும்பு டாக்டர் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்த சின்ன வயது டாக்டரம்மா ஒரு தாளில் இரண்டு படம் வரைந்து, பேனாவால் தொட்டுத் தொட்டு விளக்க ஆரம்பித்தார்.

"இது தொங்கிப் போனதைத் தூக்கி நிறுத்துறது. அதிகப்படியான தோலைத்தான் எடுப்போம். அளவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். இது குறைக்கிறது. கொழுப்பு, உள்ளே இருக்க பால்சுரப்பி, தோல், எல்லாத்துலயும் கொஞ்சம் எடுத்துட்டு, சின்னதாக்கி மேலே வைப்போம். தழும்பு ரெண்டுலயும் உண்டு. குறைச்சா உணர்ச்சி கொஞ்சம் மரத்துப்போகலாம். பின்னால பால் கொடுக்க முடியாமலும் போகலாம்."

"ரெண்டு பிள்ளைங்களுக்குக் கொடுத்தாச்சு டாக்டர்" என்றாள் ஷைஜா. "எனக்கு வலி போகணும்."

"அப்போ தூக்கி நிறுத்துறதுல உங்களுக்குப் பிரயோசனம் இல்ல. பாரம் பாரமாத்தான் இருக்கும்."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. இப்படியெல்லாம் ஒரு ஆப்பரேஷனா? இதை வாய்கூசாமல் பேசுகிறார்களே? "ஆண்டவர் தந்தத எதுக்கு மக்கா அறுக்கணும்?" என்று கேட்டுவிட்டேன்.  டாக்டரம்மா ஷைஜாவிடம், "அத்தைக்குக் காட்டலாமா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

திரைக்குப் பின்னால் பார்த்தேன். பதிமூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், பார்த்ததில்லை. இரண்டு தோளிலும் உள்ளாடை வார் விழுகிற இடத்தில் சுண்டுவிரல் புதைகிற பள்ளம், கறுத்துக் கிடந்தது. மார்புக்கு அடியில் தோல் வெந்து, செக்கச்செவேலென்று, ஓரிடத்தில் நீர் கசிந்து... பவுடர் அப்பியிருந்தது. பத்து நாளைக்கு ஒரு பவுடர் டப்பா வாங்குகிறாளே என்று எத்தனை தடவை ஏசியிருக்கிறேன்! "பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போறியா, படம் எடுக்கப் போறியா?" என்றுகூடக் கேட்டிருக்கிறேன். சுசீந்திரம் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் வரும்போதும் எப்போதும் பையை முன்னால் அணைத்துக்கொண்டே நிற்பாள். அடக்கமான பிள்ளை என்று எங்கள் கொட்டாரம் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அடக்கமாவது ஒன்றாவது. பின் பெஞ்சுப் பையன்கள் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள் என்று வருகிற வழியில் சொன்னாள். என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை.

மஸ்கட்டில் இருக்கிற எபிசனிடம் அவளே சொன்னாள். மறுநாள் அவன் என்னைக் கூப்பிட்டான்.

"அம்மா, நீ சொல்லு அவளுக்கு. கொறைக்கதெல்லாம் வேண்டாம். தூக்கி வச்சா போதும். நான் போன்ல எல்லாம் வாசிச்சுப் பாத்தேன்."

பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சா இது? கூசிப்போய், "வலிக்குன்னு சொல்லுகாளேடே" என்று மட்டும் சொன்னேன்.

"வலிக்கு எக்சசைஸ் உண்டு. முப்பத்தாறு வயசுதான அவளுக்கு? நீ தடுக்காம நின்னியன்னா நாளைக்கு ஒன்னையத்தான் குத்தம் சொல்லுவேன்."

இதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நடந்தது.

ஞாயிறு மத்தியானமே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஆரஞ்சுப்பழம், ஹார்லிக்ஸ், ஒரு வீட்டிலிருந்து மாதுளை. பெமிலா நான்கு பெண்களோடு வந்து முழங்காலிட்டுக் கண்ணீரோடு ஜெபித்தாள். வியாழக்கிழமை சங்கத்தில் உபவாச ஜெபம் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அடுக்களையில் நின்று ஷைஜாவிடம், "எல்லாத்தையும் சொல்லிருகேன் மக்கா. பொய்சாட்சி மாதிரி இருக்கு" என்றேன்.

அவள் சீனி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "சொல்லாண்டாம் மாமி. கேன்சர்னா ஒருத்தரும் எதுக்குன்னு கேக்க மாட்டாவ. வலின்னா எல்லாரும் கேப்பாவ."

அந்த நேரம்தான் போன் அடித்தது. கையில் ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். எபிசனுக்கு நாக்கு குழறியது. அழுகிறான். அவன் அப்பா அடக்கத்துக்குக்கூட என் முன்னால் அழாதவன்.

"எதுக்கும்மா எனக்கிட்ட மறச்சிய? இங்க நம்ம சபை ஆளு ஒருத்தரு வந்து கையப் பிடிச்சு ஆறுதல் சொல்லுகாரு, எனக்கு ஒண்ணும் தெரியல்ல. கேன்சராம்மா? டாக்டர்ட்ட சொல்லு, என்னத்த வேணும்னாலும் எடுக்கட்டும். ரெண்டையும் எடுத்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல. ஆளு இருந்தா போதும். எனக்கு ஷைஜா மட்டும் போதும்."

ஷைஜாவின் கையில் கத்தி அப்படியே நின்றது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அங்கேயே நான் வாயைக் கட்டியிருக்கலாம். பெற்ற மனம் பொறுக்கவில்லை.

"ஏலே, அழாத. கேன்சர் ஒண்ணுமில்ல. நான் சீட்டுல எழுதினத ஆளுவ தப்பா எடுத்துட்டாவ. அதே ஆப்பரேஷன்தான்."

 அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு. "ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று இரண்டு தடவை சொன்னான். மூக்கை உறிஞ்சினான். அப்புறம் கேட்டான்.

"அப்ப தூக்கி வைக்கதுதான செய்யுகாவ?"

 என் பிள்ளையா இது? ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? இரண்டையும் எடு என்று அழுத அதே வாயா?

ஷைஜா கத்தியைக் கீழே வைத்தாள். போன் பக்கம் குனிந்தாள். குரல் உயரவே இல்லை.

"சாவேன்னா ரெண்டையும் எடுக்கலாம். வலிக்குன்னா கொஞ்சமும் எடுக்கப்பிடாது. அப்படித்தான எபி?"

அவன் என்னவோ சொல்லத் தொடங்கினான். அவள் கேட்கவில்லை. அவரைக்காய்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டாள். "அம்மா, நீ கையெழுத்துப் போட்டுராத" என்று அவன் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்தோம். சாயங்காலம் டாக்டரம்மா ஒரு தாளோடு வந்தார். ஆப்பரேஷன் பெயர் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

"உங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை கூப்பிட்டார். தூக்கி நிறுத்துறது மட்டும் போதும்னு சொன்னார். அவர் சொல்றத நான் எழுத முடியாது. நீங்கதான் சொல்லணும் ஷைஜா. இன்னொரு தடவை யோசிக்கணும்னாலும் யோசிங்க. தேதியை மாத்திக்கலாம்."

ஷைஜா கட்டிலில் உட்கார்ந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்வேன் என்று காத்திருக்கிறாளோ என்று பயந்தேன். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.  பேனாவை வாங்கி, பள்ளிக்கூடப் பலகையில் எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். மார்பகத்தைக் குறைத்தல். கீழே கையெழுத்துப் போட்டாள்.

"கூட இருக்கவங்க சாட்சிக்கு ஒரு கையெழுத்து" என்றாள் நர்ஸ்.

தாள் என் மடிக்கு வந்தது. நான் போடாவிட்டாலும் வேறு யாராவது போடுவார்கள் போலிருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கட்டாயம் என்றால் கட்டாயத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். அவள் தோளில் இருந்த பள்ளத்தை நினைத்தேன். மதிலைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றதையும் நினைத்தேன். நேசபாய் என்ற என் பெயர் கோணலாக விழுந்தது.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு நர்ஸ் வெளியே வந்து, "ஷைஜா கூட வந்தது யாரு?" என்று கேட்டாள். ஓடினேன்.

"நல்லா இருக்காங்க. மயக்கம் தெளிய நேரமாகும். இதப் பின்கட்டு லேபுல கொடுத்துட்டு வாங்கம்மா."

இரண்டு பெரிய பிளாஸ்டிக் டப்பாக்கள், தனித்தனிக் கவரில். ஒன்றில் வலது, எழுநூற்று இருபது கிராம் என்றும், இன்னொன்றில் இடது, எழுநூற்று அறுபது கிராம் என்றும் எழுதி ஒட்டியிருந்தது.

"லேபுக்கு எதுக்கு? அவளுக்கு நோய் ஒண்ணும் இல்லியே?"

"எடுக்கிற எல்லாத்தையும் அனுப்புறதுதாம்மா. எல்லாருக்கும் உள்ளது. ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும். சரிச்சிராதீங்க."

 என்ன சீட்டு எழுதினேன் நான்! ஊரே முழங்காலிட்டு அந்த நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறதே!

படி இறங்கினேன். முதல் தளத்திலேயே கை கடுத்தது. டப்பாவில் மருந்துத் தண்ணீரும் சேர்ந்த கனம். கவர் பிடி விரலில் அறுத்தது. கீழே வைக்க மனம் வரவில்லை, தரையில் வைக்கிற சாமானா இது? கை மாற்றலாம் என்றால் இரண்டு கையிலும் அதேதான். பாத்திரத்தில் அரிசி தூக்கியிருக்கிறேன், தண்ணீர் தூக்கியிருக்கிறேன். அதையெல்லாம் இறக்கி வைக்கத் தரை இருந்தது.

பின்கட்டுக்குப் போகும் வழியில், பைக்குகள் நிறுத்துகிற தகரக்கூரைக்கு அடியில் பெமிலா எதிரே வந்துகொண்டிருந்தாள். உபவாச ஜெபத்தை முடித்துவிட்டு நேராக பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

"மதினி! எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"எவ்வளவு பெரிசு இருந்துச்சு கட்டி?"

"கட்டி இல்ல பெமிலா." என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "பாரம். ஒண்ணரைக் கிலோ."

அவள் என் கைகளைப் பார்த்தாள். அவளுக்குச் சத்தமாகப் பேச மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவள் சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக, "ஒண்ண நான் பிடிக்கட்டா?" என்று கையை நீட்டினாள்.

என் தோள்பைக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. அந்த நேரத்துக்குக் கூப்பிடுகிறவன் எபிசன் ஒருத்தன்தான். எடுக்க வேண்டுமென்றால் ஒரு கையாவது காலியாக வேண்டும். பெமிலாவின் கை நீண்டபடியே இருந்தது. நான் இரண்டு கவரையும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பிடி அறுத்த இடத்தில் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. போன் அடித்து நின்று, மறுபடியும் அடித்தது.