உப்புக்கு வந்தவள்

கருவாட்டு வியாபாரியின் உப்பு குறைந்தால் அவன் எலியைச் சந்தேகிக்க மாட்டான். எலிக்கு அந்த அளவு புத்தி உண்டு. கூலியாளைத்தான் சந்தேகிப்பான். கல்முனைக்குடிச் சீனிமுகம்மதுவும் அப்படித்தான் குணத்தைப் பிடித்தார். குணம் பாண்டிருப்பிலிருந்து வந்து அவரிடம் மீன் கீறுகிறவன்.

"உப்பைக் களவெடுத்து நான் ஆருக்கு விக்கிற முதலாளி, கடலுக்கா?" என்றான் குணம். "உப்புக் கொட்டில்ல உங்கட வீட்டுப் பக்கம் இரிக்கிற கதவை ஒருக்காப் பாருங்க. மத்தியானத்தில அதால ஆள் வருது. நான் வாய் திறக்கல்ல, அவ்வளவுதான்."

கடைக்குப் பின்னால் உப்புக் கொட்டில், கொட்டிலுக்குப் பின்னால் வீடு. லுஹர் தொழுகை முடிந்து பசார் சோற்றுக்குப் போகும் நேரத்தில் சீனிமுகம்மது கடைக் கதவைச் சாத்திவிட்டு, பலகை இடுக்கால் பார்த்தார். கொட்டிலின் அரை இருட்டில் அவருடைய மனைவி றுகையா ஒரு சாக்கின் மேல் குனிந்திருந்தாள். கல்லுப்பைக் கையில் அள்ளி, நாக்கால் நக்கி, மறுபடியும் அள்ளினாள். சீனி கிடைத்த பிள்ளையின் அவசரம் அதில் இருந்தது.

அவள் வெள்ளைத் தோல்காரி. சுனாமிக்குப் பிறகு வந்த ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கறுத்தாள். முதலில் விரல் மொளிகள். பிறகு உள்ளங்கை ரேகைகள், யாரோ மையால் கீறிவிட்டதைப் போல. பிறகு பல் முரசு, நாவற்பழம் தின்றவளுடையதைப் போல. உடம்பும் வற்றியது, எழுந்து நின்றால் தூணைப் பிடித்தாள். கடலில் கிடந்து கரையேறிய ஜனாஸாக்களின் நிறத்தை எங்கள் ஊர் மறக்கவில்லை. வாயால் சொல்லாமல் எல்லோரும் அதையே நினைத்தார்கள். நினைக்காததைப் போல அவளிடம் சுகம் விசாரித்தார்கள்.

அந்தக் கடல் அவர்களுடைய ஒரே மகள் றுஸ்னாவைத் தாயின் பக்கத்திலிருந்து கொண்டுபோயிருந்தது. அடக்க ஒரு ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இதே கொட்டிலுக்குள் புகுந்து, கன்னத்துக்குள் ஒரு கல்லு உப்பை ஒதுக்கிக்கொண்டு திரிந்த பிள்ளை அது.

பலகைக்கு இந்தப் பக்கம் நின்ற சீனிமுகம்மதுவின் வாயிலிருந்து தானாக வந்தது: "றுஸ்னா."

உள்ளே நக்குகிற சத்தம் நின்றது. பிறகு, "ம்."

அதற்குப் பிறகு அவர் மத்தியானச் சோற்றை மறந்தார். பலகையில் சாய்ந்திருந்து கதைப்பார். சூரை மீனில் தன்னை ஏமாற்றிய ஆளைப் பற்றி, அவனைத் தான் திருப்பி ஏமாற்றிய விதத்தைப் பற்றி, பள்ளிக்கூடத்துக்குப் புது மதில் கட்டுவதைப் பற்றி. உள்ளிருந்து "ம்" வரும். ஒரு நாள் மெல்லிய குரலில் "வாப்பா" என்றும் வந்தது. அன்று அவர் கடையைத் திறக்கவே இல்லை.

மனைவியுடன் அவர் சோறு கறியைத் தாண்டி எதுவும் கதைத்துப் பல காலம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கேட்கவும் முடியவில்லை, அதை வைத்துக்கொண்டு வேறெதையும் கதைக்கவும் முடியவில்லை.

பசாரில் எதை மறைத்தாலும் நாற்றத்தை மறைக்க முடியாது. கதை பாலமுனைக்கும் போனது. அங்கே நெல் வியாபாரம் செய்யும் றுகையாவின் உடன்பிறந்த காக்கா அப்துல் ஹமீட், ஓதிப்பார்க்கிற லெவ்வை ஒருவருடன் வந்து இறங்கினார்.

லெவ்வை அவளுடைய கையை விரித்துப் பார்த்தார். "கடல் ஜின். உப்புலதான் உசிர் பிடிச்சு நிக்கிது. உப்ப நிப்பாட்டுங்க. இரை இல்லாட்டி எறங்கிப் பெய்த்திரும்."

எங்கள் பக்கத்தில் பெரிய வைத்தியமெல்லாம் உப்பை நிறுத்துவதில்தான் தொடங்கும். மஞ்சள் காமாலைக்கும் அதுதான், ஜின்னுக்கும் அதுதான். வைத்தியனுக்குச் செலவில்லை, தின்கிறவனுக்குத்தான் கஷ்டம்.

சீனிமுகம்மது எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், கொட்டிலைப் பூட்டினார். பூட்டியபின் சாரத்து மடியில் உப்பை முடிந்துகொண்டுபோய், அவள் தலைமாட்டில் வைத்தார். ஜின் இறங்கட்டும் என்கிறார்கள். இறங்கிப்போவது யாரென்று அவருக்கல்லவா தெரியும்?

அடுத்த முறை வந்த ஹமீட் மச்சானைத் தலையிலிருந்து கீழே பார்த்து, இடுப்பில் நின்றார். "மச்சான், மடியில மாவா அரைச்சீங்க? வெள்ளையா இரிக்கி."

"யாவார உப்பு, ஒட்டிரிக்கும்."

"யாவாரத்த நீங்க பாருங்க. தங்கச்சி என்ட ஊட்ட இரிக்கட்டும்."

அவளைக் கொண்டுபோனார்கள். பாலமுனையில் உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத கீரை, ஓதிய தண்ணீர். கொட்டிலின் மத்தியானங்களில் எந்தச் சத்தமும் இல்லை. இருந்தும் சீனிமுகம்மது பலகையில் சாய்ந்து கிடந்தார். குணம் அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டான்.

ஒரு காலையில் ஹமீட்டின் மனைவி றாபியா தொலைபேசியில் அழைத்தாள். குரல் குசுகுசுப்பாக இருந்தது.

"காக்கா, கெதியா வாங்க. குடிச்ச தண்ணியும் மச்சிக்குச் சத்தியா வெளிய வந்திருது. எழுப்பினா விழுறா. இவரு லெவ்வையக் கூட்டி வரப் பெய்த்தாரு, ஜின் எறங்குது எண்டு செல்றாரு. எனக்கெண்டா உசிர் எறங்குற மாதிரி இரிக்கி."

அவர் மடியில் உப்பை அள்ளி முடிந்துகொண்டு ஆட்டோவில் ஏறினார். யுத்தம் முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சி சொன்ன நாள் அது. வழியெல்லாம் பட்டாசு வெடி, கொடி.

றுகையா பாயில் கிடந்தாள். கண் திறந்திருந்தது, அதில் யாரும் இல்லை. அவர் ஒரு கல்லு உப்பை அவள் உதட்டில் வைத்தார். அது வழுகிக் கழுத்தில் விழுந்தது.

"றுஸ்னா," என்றார். இன்னொரு முறையும் சொன்னார். "ம்" வரவில்லை. அப்போதுதான் அந்த முகத்தை அவர் பார்த்தார். ஒட்டிய கன்னம், வெடித்த உதடு, தான் நிக்காஹ் செய்த பெண்.

"றுகையா," என்றார். கைகளை அவளுக்குக் கீழே கொடுத்துத் தூக்கினார். பாதிச் சாக்கின் பாரம்கூட இல்லை.

வாசலில் ஹமீட் லெவ்வையுடன் வந்துகொண்டிருந்தார். மச்சானின் முகத்தைப் பார்த்துத் தடுக்கவில்லை. ஆட்டோவில் தானும் ஏறிக்கொண்டார். போகும்போது, "வயித்துக் கோளாறு எண்டு மட்டும் செல்லுங்க மச்சான்," என்றார். "உப்புக் கதை வெளிய போனா என்ட ரெண்டு குமருக்கும் மாப்பிள்ள வராது."

சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் ஒவ்வொரு வாகனத்தையும் மறித்துப் பாற்சோறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "யுத்தய இவரய்," என்று யுத்தம் முடிந்ததைச் சிங்களத்தில் சொல்லிச் சிரித்த ஒருவன் தட்டை உள்ளே நீட்டினான். "சாப்புடுங்க." எடுக்காமல் போகிற துணிவு அன்று யாருக்கும் இல்லை. சீனிமுகம்மது ஒரு துண்டை எடுத்தார். ஆஸ்பத்திரி வாசல்வரை அது அவர் கையில் ஒட்டிக்கொண்டே வந்தது.

டொக்டர் நிரோஜினி இளவயதுக்காரி, சுருக்கமாகக் கதைப்பவள். இரத்த அழுத்தத்தைப் பார்த்தவுடனே கையில் ஊசி குத்தி ஒரு போத்தலைத் தொங்கவிடச் சொன்னாள்.

"இது என்ன மிஸ்?" என்று தாதியிடம் கேட்டார் சீனிமுகம்மது.

"சேலைன். உப்புத் தண்ணி."

அவர் மடி முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

டொக்டர் றுகையாவின் உள்ளங்கையை விரித்தாள், உதட்டை விலக்கி முரசைப் பார்த்தாள். "இந்தக் கறுப்பு எவ்வளவு காலமா?"

"வெயில் டொக்டர்," என்றார் ஹமீட்.

"வாய்க்குள்ளயும் வெயில் அடிக்குதா?" அவள் சீனிமுகம்மதுவிடம் திரும்பினாள். "ஐயா, எனக்கு உண்மை வேணும். எதையாவது வழக்கத்துக்கு மாறா ஆசைப்பட்டுத் தின்டவவா?"

பேரத்தில் முதலில் வாய் திறப்பவன் தோற்றான். இது பால் குடிக்கும்போதே எங்களுக்குப் புகட்டப்படுகிற பாடம். சொன்னால் இது நோயாகிவிடும். நோயென்றால் கொட்டிலில் றுஸ்னா இல்லை, எப்போதும் இருந்ததில்லை. ஹமீட் அவருடைய முழங்கையைப் பிடித்தார்.

"உப்பு," என்றார் சீனிமுகம்மது. "சாக்குல இரிந்து அள்ளித் தின்டா."

டொக்டர் தாதியிடம் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னாள், தாதி ஓடினாள். ஊசி போட்டு முடித்தபின்தான் விளக்கம் வந்தது. இரண்டு சிறுநீரகங்களுக்கும் மேலே தொப்பியைப் போலச் சுரப்பிகள் இருக்கின்றன. உடம்பில் உப்பைப் பிடித்து வைப்பதும், கஷ்டம் வந்தால் தாங்க வைப்பதும் அவை சுரக்கிற ஹோர்மோன்கள். இவளுடையவை செத்துக்கொண்டு வருகின்றன. சுனாமிக்குப் பிறகு அகதி முகாமில் நெடுநாள் இருமியதாகச் சொல்கிறீர்கள், காசநோயாக இருக்கலாம், சோதிக்க வேண்டும். உப்பு நிற்காமல் போனதால் உடம்பு உப்பைக் கேட்டது. தோல் கறுத்ததும் அதே நோயால்தான். சாகும்வரை தினமும் குளிசை போட வேண்டும். ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

"உப்பை நிப்பாட்டினது ஆர்?"

ஹமீட் மின்விசிறியைப் பார்த்தார்.

"அதுக்கு முந்திக் குடுத்தது?"

"நான்தான்."

"அந்த உப்புத்தான் ஆளை இவ்வளவு காலம் வச்சிருந்தது, ஐயா."

அந்தப் புகழை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. அவர் கொடுத்தது வேறொருத்திக்கு.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு றுகையா கண்ணைத் திறந்தாள். இந்த முறை உள்ளே ஆள் இருந்தது. தேத்தண்ணி கேட்டாள், குடித்தாள், வாந்தி எடுக்கவில்லை. ஹமீட் கடைக்குப் போயிருந்தார்.

"கொட்டில்ல நான் கதைச்சதெல்லாம் கேட்டிச்சா?" என்றார் சீனிமுகம்மது.

"ஓம்."

"நான்தான் எண்டு செல்லியிருக்கலாமே."

"செல்லியிருந்தா நீங்க கதைச்சிருக்க மாட்டீங்களே."

"ஒரு நாள் வாப்பா எண்டு கூப்பிட்டியே."

றுகையா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ம் எண்டது மட்டுந்தான்."

வெளியே வெடிச் சத்தம் ஓய்ந்தும் தொடங்கியும் கேட்டது. அவள் தன் ஊசி குத்தாத கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க கேக்காம வச்சிருக்கிறது எனக்குத் தெரியும். புள்ளட கைய ஏன் உட்ட எண்டு. நான் உடல்ல. தண்ணி தூக்கி அடிச்ச நேரத்துல நழுவிச்சு, தடவிப் பிடிச்சன். மறுகா உடவேயில்ல. தண்ணி வத்தினத்துக்குப் பொறகு சேத்தத் தொடச்சுப் பாத்தா, அது வேறொரு புள்ள. உசிரோட இரிந்திச்சு. அதுட உம்மா ஓடி வந்தா. நான்தான் வெரல ஒவ்வொண்டா விரிச்சுக் குடுத்தன்."

போத்தலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன வயசிரிக்கும் அதுக்கு?" என்று கடைசியில் கேட்டார் சீனிமுகம்மது.

"றுஸ்னாட வயசுதான்," என்றாள் றுகையா. "இப்ப வளந்திருக்கும்."